சுவிட்ச் பக்கத்தில் நிற்கிற வேலை

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த டைரியை ரோஷிணி மேடம் கொடுத்தார். கிளப் டைரி. ஜனவரியில் மெம்பர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. ஒவ்வொரு தேதிக்கும் மேலே அன்றைக்குக் கிளப்பில் என்ன விசேஷம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த விசேஷங்களை எல்லாம் யோசித்து நடத்துவது மேடம்தான்.

"மனசுல இருக்கறதெல்லாம் இதுல எழுது, பவுலின். லேசாயிடும்" என்று சொல்லிக் கன்னத்தைத் தொட்டார்.

மனதில் ஒன்றும் இல்லை. அதனால் செய்த வேலையை எழுதுகிறேன். காலையில் நாப்கின் மடித்தேன். விசிறி மடிப்பு. மத்தியானம் ஸ்பூன்களைத் துடைத்தேன். மழை விடவில்லை.

முந்தைய பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பதிமூன்றாம் தேதியில் ஒன்றும் அச்சடிக்கவில்லை. பதினாறாம் தேதியில் 'விளக்கு இரவு' என்று இருக்கிறது. அது நடக்கவில்லை. அதற்காகத்தான் அப்பா முன்புல்வெளியில் உள்ள சில்வர் ஓக் மரத்தில் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். ஷாக் அடித்து மேலிருந்து விழுந்தார். பதிமூன்றாம் தேதி. லைட் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. கழற்ற யாரும் ஏறவில்லை.

இரவு ரசம். "உப்பு போதுமா?" என்று அம்மா கேட்டாள். போதும் என்று தலையாட்டினேன். எனக்கு எதிலும் உப்பு தெரிவதில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இன்று 'குடைக்கு வர்ணம்'. மெம்பர்கள் ஆளுக்கொரு வெள்ளைக் குடையை வைத்துக்கொண்டு பூவும் பறவையும் வரைந்தார்கள். போர்டிகோவில் மேசை போட்டிருந்தது. நான் பிரஷ் கழுவத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் பாதிப் பேர் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மழையில் நனைந்து வர்ணம் ஓடி எல்லாக் குடையும் ஒரே நிறத்துக்கு வந்துவிட்டது.

மேசைக்கு மேலே சுவரில் சுவிட்ச் பெட்டி இருக்கிறது. அப்பா எங்காவது ஏறினால் பியூஸைக் கழற்ற விடமாட்டார்கள். கிச்சனில் ஃப்ரிட்ஜ் நின்றுவிடும். அதனால் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு, யாரும் போடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஏறுவார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்த ஆள் நான்தான்.

பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது எனக்குப் பேச்சு வராது. எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போடுவார்கள். அப்பாதான் "சரி கண்ணு, எங்கூட வா. சுவிட்ச்கிட்ட நின்னாப் போதும். பேச வேண்டிய வேலை இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவும் வா என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பெனடிக்ட் மாமா வந்தார். அப்பாவோடு வருஷா வருஷம் வேளாங்கண்ணிக்கு நடப்பவர். நாளைக்குக் காலையில் சேலத்திலிருந்து குழு கிளம்புகிறது. அப்பாவும் இந்த வருஷத்துக்கு மாலை போட்டிருந்தார். காவித் துண்டைக் கழுத்தில் சுற்றி அதன்மேல்தான் காக்கிச் சட்டை போடுவார். மாலை போட்டால் மீன்கூடத் தொடமாட்டார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் அந்த மாலை இருந்தது. அம்மா அதைப் பீரோவுக்கு மேலே வைத்திருக்கிறாள்.

"குடும்மா, நான் கொண்டுபோய் மாதா காலடியில போட்டுடறேன்" என்றார் மாமா.

"வேணாண்ணே."

"ஏம்மா?"

"நடக்கறவங்க ஆளுக்கொண்ணு பேசறாங்களாம். மாலையோட குடிச்சான், மாதா சும்மா விடலைன்னு. அந்தப் பேச்சோட இது அங்க போக வேணாம்."

மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றார். "நான் அப்படிச் சொல்லலம்மா" என்றார். பிறகு போனார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "நீ அன்னிக்கு அவருக்கு டீ கொண்டு போனியே. வாசனை ஏதும் அடிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் எப்படி ஆஸ்பத்திரியில பிராந்தி வாசனைன்னு எழுதுவாங்க?"

தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேலே வரவில்லை. அம்மா கொஞ்சநேரம் என் வாயையே பார்த்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 27, புதன்

மடித்த நாப்கின்கள் போதவில்லை. மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

'மௌன விருந்து'. சாப்பாடு முடியும்வரை மெம்பர்கள் யாரும் பேசக் கூடாது. பேசினால் எழுந்து பாட வேண்டும். கையாலும் கண்ணாலும் பேசிக்கொண்டார்கள். சூப் வருவதற்குள் நாலு பேர் பாடிவிட்டார்கள். ஒரு எஸ்டேட் முதலாளி மிளகுத்தூள் வேண்டும் என்று தும்மிக் காட்டினார். அவருக்கு ஜலதோஷம் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார்கள்.

எனக்குச் சிரமமாக இல்லை.

முடிந்ததும் ரோஷிணி மேடம் என் தோளைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "இன்னிக்கு சாம்பியன் இவதான்! ஒரு சத்தம் இல்லை. நம்ம வயர்மேன் பொண்ணு."

கைதட்டினார்கள். எனக்கு ஒரு கேக் துண்டு கொடுத்தார்கள். கிளப்பில் அப்பாவை எல்லோரும் வயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கேக்கை அம்மாவுக்குக் கொண்டுவந்தேன். மேடம் நல்லவர்தான். அப்பா இறந்த அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு அனுப்பினார். எனக்கு இந்த வேலையைக் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

செப்டம்பர் 1, திங்கள்

செக்ரட்டரி சார் அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நானும் போனேன். உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை.

"சூசைராஜ் நல்ல வேலைக்காரன்மா. இல்லைன்னு சொல்லல. ஆனா ஆஸ்பத்திரியில எழுதினதை நான் மாத்த முடியுமா? எட்டாம் தேதி கமிட்டி கூடுது. உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்க. எப்பவாச்சும் குடிப்பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது."

"அவரு மாலை போட்டிருந்தாருங்க சார்."

"தெரியும்மா. நான் உனக்காகத்தான் சொல்றேன். அப்படிச் சொல்லிட்டா குவார்ட்டர்ஸ்ல நீங்களே இருக்கலாம். பொண்ணுக்கும் வேலை நிரந்தரம். இல்லைன்னா போலீசு, கரண்டாபீசுன்னு இழுத்துட்டுப் போகும். அதுவரைக்கும் குவார்ட்டர்ஸ் தர ரூல் இல்லை."

வெளியே வந்தோம். புல்வெளி வழியாகத்தான் வர வேண்டும். அம்மா மரத்தைப் பார்க்காமல் நடந்தாள். நானும்.

வீட்டுக்கு வந்ததும், "செத்தவருக்குக் காது கேக்காது. நமக்கு வீடு வேணும்" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

செப்டம்பர் 3, புதன்

மேடம் ஸ்டாஃப் எல்லோரையும் டைனிங் ஹாலில் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை 'தலைகீழ் மதிய விருந்து'. மெம்பர்கள் ஸ்டாஃப் யூனிஃபாரம் போட்டுக்கொண்டு பரிமாறுவார்கள். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஸ்டாஃபின் பெயர் பேட்ஜை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி மெம்பர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் குத்திக்கொள்வார்கள். யாருடைய பேட்ஜோ அவராகவே அன்றைக்கு இருக்க வேண்டும். மேசைக்கு ஒரு மணி. நாங்கள் மணி அடித்து என்ன சொன்னாலும் அவர்கள் "எஸ் சார்" என்று செய்ய வேண்டும்.

"ஆளாளுக்கு ஒரு ஆர்டராவது போடணும், கூச்சப்படக் கூடாது" என்றார் மேடம். "பவுலின், உன்னையும் சேர்த்துத்தான். நீ வாயைத் திறக்காம விடமாட்டேன்."

மேடம் போனதும் கிச்சனில் ஒரே சிரிப்பு.

"நான் சூப்பு ஆறிப்போச்சுன்னு மூணு தடவை திருப்பி அனுப்பப்போறேன்" என்றார் ஹெட் பேரர் தங்கசாமி மாமா.

"அனுப்புவே. அதைத் திரும்பச் சூடு பண்றது யாரு? நாந்தானே?" என்றார் சமையல்கார மணிவேல் அண்ணன்.

அது சரிதான். சமையல் நாங்கள்தான். மேசை போடுவதும், பிறகு பாத்திரம் கழுவுவதும் நாங்கள்தான். நடுவில் கொஞ்சநேரம் உட்கார வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

ரோஷிணி மேடம் லினன் அறைக்கு வந்தார். துணிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு... நீ போர்டிகோவிலயா இருந்தே?" என்று கேட்டார்.

நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லை. ஒரே கலவரம். உனக்கு ஞாபகம் இருக்கா?"

மடித்து வைத்ததை எடுத்து மறுபடி மடித்தேன். மேடம் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பாரில் கிளாஸ் துடைக்கும்போது தங்கசாமி மாமா பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை நாளாக என் முகத்தைப் பார்க்காமலே வேலை சொல்பவர்.

"நாந்தான் பவுலி ஊத்துனது. கீழ கிடந்தப்ப நாடி இருந்துச்சு. இங்க மெம்பருங்க யாரு மயங்கி விழுந்தாலும் பிராந்திதானே குடுக்கறோம். கை தானா பாட்டிலை எடுத்துருச்சு. அவன் முழுங்கக்கூட இல்ல. எல்லாம் காவித் துண்டுலதான் வழிஞ்சுது."

நான் கிளாஸைத் துடைத்தேன்.

"நீ கேக்கலன்னாலும் கேக்கற மாதிரியே இருக்குது. சொல்லிருவேன். ஆனா பாரைத் தொறந்து பாட்டில் எடுத்தது தப்பும்பாங்க. ரெண்டு வருஷத்துல ரிட்டையரு எனக்கு. வீட்டுல மாமி டயாலிசிஸ் போறா. உனக்குத் தெரியும்ல?"

தெரியும் என்று தலையாட்டினேன்.

அவர் துடைத்த கிளாஸையே எடுத்து மறுபடி துடைத்தார்.

செப்டம்பர் 6, சனி

பேட்ஜ்களைச் சேர்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் கழற்றிக் கொடுத்தார்கள். "ஆபீஸ் டிராயர்லயும் இருக்கும். இருக்கறதை எல்லாம் கிண்ணத்துல போட்டுடு" என்றார் செக்ரட்டரி சார், ஃபோனில் பேசிக்கொண்டே.

டிராயரில் இருந்ததை எல்லாம் போட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஹாலிலிருந்து பார்த்தால் மரம் நேராகத் தெரியும்.

மெம்பர்கள் வெள்ளைக் கோட்டும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒருவரையொருவர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக் கிண்ணத்தை நான்தான் பிடித்திருந்தேன். ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். "நான் தங்கசாமி!" "ஐயோ, நான் வாட்ச்மேன்!" ரோஷிணி மேடம் எல்லோரும் எடுத்தபிறகு வந்தார். கிண்ணத்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சூ-சை-ராஜ்" என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஸ்வீட் நேம்! யாருப்பா இது? கிச்சனா, தோட்டமா?"

மணிவேல் அண்ணன் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். செக்ரட்டரி சார் ஹாலின் அந்தக் கோடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லாதீங்க, சொல்லாதீங்க. நானே கண்டுபிடிக்கறேன்" என்று மேடம் அதை நெஞ்சில் குத்திக்கொண்டார்.

என்னையும் தங்கசாமி மாமாவையும் மணிவேல் அண்ணனையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். நான் மடித்த நாப்கின் என் முன்னாலேயே இருந்தது. அதை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் தள்ளி வைத்தேன். வாட்ச்மேன் மணியை அடித்து ஒரு வக்கீல் மெம்பரை சல்யூட் அடிக்கச் சொன்னார். அவரும் அடித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமா சூப்பைத் திருப்பி அனுப்பவில்லை. குடிக்கவும் இல்லை. அந்த பேட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் எங்கள் மேசைக்கு வந்து இடுப்பை வளைத்துக் கும்பிட்டார். "பவுலின் மேடம்! உங்க ஆர்டர்? மணியை அடிங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். கைதட்டி, "பவுலின்! பவுலின்!" என்றார்கள். மணியை அடித்தேன். சத்தம் அடங்கியது.

"சூசைராஜ்" என்றேன். அப்பாவின் பெயரை நான் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"எஸ் மேடம்!"

"முன்னால மரத்துல சீரியல் லைட்டு அப்படியே இருக்குது. ஏறிக் கழட்டுங்க."

மெம்பர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். "ஐயோ டார்லிங், நான் ஏறினா மரம் தாங்குமா?"

"ஏணி போர்டிகோவுலதான் இருக்குது. பயப்பட வேணாம். நான் சுவிட்ச்கிட்ட நிக்கறேன். இன்னிக்கு யாரு வந்தாலும் போட வேணாம்னு சொல்லிருவேன்."

மேடம் குனிந்து பேட்ஜைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரம் ஆனது. சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ அன்னிக்கும் அங்கதானே நின்னே?" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஒரு வார்த்தை சொன்னியா? வேணாம்னு ஒரே ஒரு வார்த்தை? சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேனா? எரியுதான்னு பாக்கத்தானே போட்டேன். மேல ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கையை மட்டும் நீட்டிட்டு நின்னே. பொம்மை மாதிரி நின்னே!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ரோஷிணி, போதும்" என்று செக்ரட்டரி சார் தண்ணீர் ஜக்கோடு ஓடி வந்தார். ஏப்ரன் காலில் சிக்கியது.

தங்கசாமி மாமா எழுந்து நின்றார். மேசையைப் பிடித்திருந்தார். "சார். அந்த பிராந்தி நான் ஊத்துனது. அவன் விழுந்தப்புறம் நான் ஊத்துனது. சூசை குடிக்கல. மாலை போட்டிருந்தான்."

"அப்புறம் பேசலாம் தங்கசாமி. உக்காரு."

"உக்காந்துதான் சார் இருக்கேன் இத்தனை நாளா."

மேடம் பேட்ஜைக் கழற்றினார். இழுத்த வேகத்தில் அதன் ஊசி மாட்டித் துணி கிழிந்தது. அதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போனார். போகும்போது போர்டிகோ வழியாகப் போகவில்லை, கிச்சன் வழியாகப் போனார்.

மெம்பர்கள் ஒருவர்பின் ஒருவராக ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். நாங்கள் பாத்திரம் கழுவினோம். மணிவேல் அண்ணன் நான் கழுவிய தட்டுகளை என் கையிலிருந்து வாங்கி வாங்கித் துடைத்து வைத்தார்.

அப்பாவின் பேட்ஜ் என் பையில் இருக்கிறது. ஊசி வளைந்துவிட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

அம்மா கமிட்டிக்குப் போய் வந்தாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியிருந்தாலும் அவள் சொன்னது கேட்டது. "என் புருஷன் குடிக்கலைங்க." வேறு ஒன்றும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதையே சொன்னாள்.

கிளப் வேலையின்போது நடந்த விபத்து என்று எழுதிக்கொண்டார்களாம். சுவிட்சைப் போட்டது யார் என்று எழுதவில்லையாம். "அது போலீசுல சொல்ல வேண்டியது. சொல்லுவோம்" என்றாள் அம்மா. குவார்ட்டர்ஸை இந்த மாதத்தோடு காலி செய்ய வேண்டும். நானும் நாளையிலிருந்து வர வேண்டாம், கூப்பிடுகிறோம் என்றார்கள். தங்கசாமி மாமாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் வெளியிலிருந்து ஒரு வயர்மேன் வந்து மரத்தில் ஏறினான். இறங்கும்வரை தங்கசாமி மாமா சுவிட்சுக்கு முன்னால் நின்றார். பக்கத்தில் யாரையும் விடவில்லை. லைட்டுகளை ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினார்கள்.

பெனடிக்ட் மாமா வேளாங்கண்ணியிலிருந்து ஃபோன் செய்தார். இன்று மாதா பிறந்தநாள். பின்னால் மணி அடித்துக்கொண்டே இருந்ததால் கத்திப் பேசினார். நேற்று நடந்ததை மணிவேல் அண்ணன் அவருக்குச் சொல்லிவிட்டாராம்.

"அந்த மாலையை நாங்களே கொண்டாரோம்ணே. நானும் பவுலியும். பஸ்ஸுலதான்" என்றாள் அம்மா.

பிறகு பீரோவுக்கு மேலிருந்து பையை இறக்கினாள். காவித் துண்டை முகர்ந்து பார்த்தாள். துவைக்கப் போடாமல் மறுபடி பைக்குள்ளேயே வைத்தாள். மாலையை மட்டும் வெளியே எடுத்து மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். அதன் பக்கத்தில் நான் பேட்ஜை வைத்தேன்.

சோறு போடும்போது என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீ பேசினியாமே."

"ம்."

"எல்லாருக்கும் கேக்கற மாதிரியா?"

"ம்."

"அவரு பேரைச் சொல்லியா?"

"ம்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சுவிட்ச் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் தலையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். அவள் கையில் புளி வாசனை. பிறகு விட்டுவிட்டு, "சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன்.

"உப்பு போதுமா?"

"கூடிப்போச்சும்மா" என்றேன்.

என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள்.

"ஆமா. கரிக்குது. இத்தனை நாளா இப்படித்தான் போட்டுட்டிருந்தேனா?"

தெரியாது என்றேன். அம்மா எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இருவரும் குடித்தோம்.